மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார்... யார் இந்த 'கரி' கரிவரதன்?

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. 'கரி'ன்னா நிலக்கரியா, யானையா என்று யோசிக்க வேண்டாம். அது ஒரு மனிதரின் செல்லப்பெயர். முழுப்பெயர் எஸ்.கரிவரதன். இன்று இருபதுகளில் இருக்கும் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர்.

யார் இவர்?

1954-ல் பிறந்த கரிவரதன், கோவையின் ஜவுளி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். ரேஸ் ஓட்டியதோடு நிற்காமல், ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்துக் கட்டவும் இறங்கினார். அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய ஏகப்பட்ட செலவு. பணம் இருந்தால் வேகமான கார் கிடைக்கும். திறமை மட்டும் இருந்தால் வேடிக்கைதான் பார்க்கணும்.

என்ன செய்தார்?

1980களின் பிற்பகுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். உள்ளே இருந்தது நம்ம ஊர் மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும், ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்டலாம். முக்கியமா, எல்லா டிரைவருக்கும் ஒரே வகை கார். அப்போ ஜெயிப்பது எதை வைத்து? காரை யார் சரியாக செட் பண்றாங்க, யார் சரியாக பிரேக் பிடிக்கிறாங்க என்பதை வைத்துத்தான்.

பிரேக்கில் என்ன இருக்கு?

வார இறுதியில் பெங்களூருவில் இருந்து பைக்கில் திருவண்ணாமலை வருகிறவர்களுக்கு இது சட்டுனு புரியும். செங்கம் ரோட்டில் திடீர்னு மாடு குறுக்கே வந்தால், பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டியின் வால் சறுக்கும். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். இரண்டையும் சரியான அளவில் பிடிக்கணும்.

காரில் பெடல் ஒன்றுதான். அதனால் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற பங்கீட்டை முன்கூட்டியே செட் செய்யணும். இதுதான் பிரேக் பேலன்ஸ். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாயும் என்பதால் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குப் போகும். அது ரொம்ப அதிகமானால் முன் சக்கரம் லாக் ஆகி, ஸ்டீயரிங் திருப்பினாலும் கார் நேராகவே போகும். பின்னால் அதிகமானால் கார் சுழன்றுவிடும்.

ரேஸ் கார்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள் இருக்கும். நடுவில் ஒரு பேலன்ஸ் பார். அதைத் திருகினால் பங்கீடு மாறும். முன்பக்கம் அதிகமாக வைத்துத் தொடங்கி, நேர் பாதையில் சோதித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துவார்கள். பின் சக்கரம் லாக் ஆக ஆரம்பித்ததும், ஒரு படி முன்னால் திருப்பி வைப்பார்கள். மழை பெய்தால் கணக்கு மாறும். பிடிமானம் குறைவதால் எடை முன்னால் சாய்வதும் குறையும். அதனால் பின்பக்கப் பங்கைக் கொஞ்சம் கூட்டுவார்கள்.

மாருதி 800-ல் இன்ஜின் முன்னால். ஃபார்முலா மாருதியில் டிரைவருக்குப் பின்னால். எடை இடம் மாறினால் வீட்டுக் காரின் பிரேக் பங்கீடு இதற்குப் பொருந்தாது. இன்ஜினை மட்டும் தூக்கி மாட்டினால் ரேஸ் கார் ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு உதாரணம். இந்த செட்டிங் வேலையை இளம் டிரைவர்கள் குறைந்த செலவில் கற்றுக்கொள்ள வழி செய்ததுதான் கரிவரதனின் பெரிய சாதனை.

(நம்ம ரோட்டு கார்களில் இதை இ.பி.டி. தொழில்நுட்பம் தானாகவே பார்த்துக்கொள்ளும். வீட்டில் திருகிப் பார்க்க வேண்டாம்!)

பிறகு என்ன ஆனது?

1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். அவருடைய உறவினரான கோவைப் பையன் ஒருவர், ஃபார்முலா மாருதியில்தான் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியிருந்தார். அவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர்.

அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 2003-ல் திறக்கப்பட்ட செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.