சமணர் வீட்டு வாசலில் ஒரு மாணவர்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சகிப்புத்தன்மை என்னும் பொருள் பற்றிப் பேசிப் பரிசு பெற்றேன். விடுதியில் என் அறைத் தோழர் நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுந்து உண்பார்; நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அதையே சகிப்பு என்று எண்ணியிருந்தேன். கோடை விடுமுறையில் உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம் படித்த பின்புதான் அந்தப் பரிசு என்னை உறுத்தத் தொடங்கியது.

1855இல் பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். திருவாவடுதுறைச் சைவ மடத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று அவர் கற்றவற்றுக்குக் கணக்கில்லை. 1880இல் இதே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு இவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். இல்லை. தம் படிப்பைப் பற்றி அவர் கொண்டிருந்த பெருமிதம் அன்றே ஆட்டங்கண்டது.

முதலியார் தந்த பிரதியை வைத்துக்கொண்டு படிக்கலானார். நச்சினார்க்கினியர் உரை துணையிருந்தும் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. சைவரிடையே அந்நூலுக்கு நல்ல பெயரும் கிடையாது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கியிருந்தது கண்டு வருந்தியே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது வழிவழி வந்த கதை. அந்த மரபில் வளர்ந்தவர், பொருள் கேட்டறிய இவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடு தேடிப் போனார்.

போன அன்று வாசலில் தோரணம் கட்டியிருந்ததாம். என்ன விசேஷமென்று கேட்டால், பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாயிற்று என்றார்களாம். கல்லூரி ஆசிரியர் திணறிய நூல் அங்கே வீட்டில் படித்துக் கொண்டாடும் நூல்! (இந்த இடத்தில் நான் புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டேன்.) அதன்பின் அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளியும் மாணவரானார் ஐயர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தமும் கற்றார். அதற்குப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் துணைநின்றார். 1898இல் அந்நூலும் வெளிவந்தது.

இத்தனைக்கும் அவர் சமணராகிவிடவில்லை, பௌத்தராகவும் ஆகவில்லை. 1942இல் திருக்கழுக்குன்றத்தில் காலமாகும்வரை சிவபக்தராகவே வாழ்ந்தார்.

என் அறைத் தோழருடன் இரண்டு ஆண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தும், அந்த நோன்பைப் பற்றி ஒருநாளும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இம்முறை விடுதி திறந்ததும் கேட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் சற்று நகர்ந்து, உட்காரச் சொன்னார்.