அணு அறிஞர் பாபா

ஆற்றலின்றித் தொழில் இல்லை. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோவை வட்டாரத்தில் நூலாலைகள் பெருகின. திருப்பூரில் பின்னலாடைப் பொறிகளை மின்சாரம் இயக்குகின்றது. சாய ஆலைகளின் கொதிகலன்களிலோ விறகு எரிகின்றது. மழை பொய்த்தால் நீர்மின்சாரம் குறையும். காடு அழிந்தால் விறகும் அரிதாகும். வற்றாத ஆற்றலை எங்கே பெறுவது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

அவர் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் விருப்பப்படி கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்று, 1930-இல் முதல் வகுப்பில் தேறினார். எனினும், அவருள்ளம் இயற்பியலையே நாடியது. காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து புகழ் பெற்றார். 1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தபொழுது உலகப்போர் மூண்டது. திரும்ப இயலாத அவர், பெங்களூரில் இராமன் தலைமையில் இருந்த இயற்பியல் துறையில் பணியேற்றார். நாட்டின் தேவையை உணர்ந்தபின், வெளிநாட்டு வாழ்வை அவர் மீண்டும் நாடவில்லை.

1948-இல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார். அவர் முயற்சியால் 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள், டிராம்பேயில் நாட்டின் முதல் அணு உலையான அப்சரா இயங்கலாயிற்று.

கதிரவனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்தே பேராற்றல் பிறக்கின்றது. அவ்வாற்றலை இருபது ஆண்டுகளுள் மனிதன் வசப்படுத்துவான் என 1955-இல் ஜெனீவா மாநாட்டின் தலைவராயிருந்த பாபா முன்னுரைத்தார். அக்கனவு இன்னும் கைகூடவில்லை, ஆராய்ச்சி தொடர்கின்றது.

ஆயினும், ஹைட்ரஜனைப் பற்றிய அறிவு வேறு வழியில் பயன் தந்தது. சில அணு உலைகளுக்குக் கனநீர் வேண்டும். சாதாரண நீரில், 6,000-க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே கனஹைட்ரஜன். 1962-இல் பஞ்சாபின் நங்கலில் கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கு மின்சாரத்தால் நீர் பகுக்கப்பட்டது. வெளிவந்த ஹைட்ரஜன் உரமாயிற்று. எஞ்சிய நீரில் கனஹைட்ரஜன் மிகுந்தது. ஒரே நீர் வயலுக்கும் அணு உலைக்கும் உதவியது!

1966 ஜனவரி 24-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 56. டிராம்பே நிலையம் 1967-இல் அவர் பெயரைப் பெற்றது. அங்குள்ள அறிஞர்கள் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் ஆக்கும் கருவிகளையும் உருவாக்கியுள்ளனர். ஹைட்ரஜன் எரிந்தால் கரிப்புகை இல்லை. வெப்பமும் நீராவியும் உண்டாகும். ஆனால், நீரைப் பகுக்க மலிவான மின்சாரம் வேண்டும். அதனைக் காண்பதே இனிவரும் தலைமுறையின் கடமை.

ஒன்றைக் கருதித் தேடிய அறிவு மற்றொன்றுக்கும் துணையாகும். ஆதலின், கற்பதை ஆழ்ந்து கற்போம். கற்றதை நாட்டுக்கு ஆக்குவோம்.