உழவர் மகன் தந்த அளவுகோல்

மன்னர்களின் பெயர் கல்வெட்டில் நிற்கும். அறிவியல் அறிஞர் சிலரின் பெயரோ அளவாகவே நின்றுவிடும். வோல்ட்டாவும் ஆம்பியரும் வாட்டும் அவ்வாறு நிலைத்தவர்கள். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க எமில் போதோ என்பாரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுத விழைகிறேன். தந்தித் துறையில் பிறந்து, கணிப்பொறித் துறைவரை வந்துவிட்ட ‘பாட்’ என்னும் அலகு அவர் பெயரின் சுருக்கமே. அந்த அலகு எதை எண்ணுகிறது என்பதில் பலருக்கும் மயக்கம் உண்டு. அவர் வாழ்வை அறிந்தால் அம்மயக்கம் தானே தெளியும்.

பிரான்சு நாட்டில் மன்யோ என்னும் சிற்றூரில், 1845ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் போதோ பிறந்தார். தந்தை உழவர். ஊர்ப் பள்ளியின் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. பின்னர் தந்தைக்குத் துணையாக நிலத்தில் உழைத்தார். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கும் கோவில்பட்டிக் கரிசல் காட்டிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என் போன்றோர்க்கு இத்தகைய இளமை புதிதன்று.

1869இல் அவர் தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். மோர்சு முறையையும், எழுத்தை அச்சிட்டே தரும் ஹியூசு கருவியையும் கற்றார். 1870இல் மூண்ட போரில் படையில் பணியாற்றித் திரும்பினார். அன்றாட வேலையினூடே ஒரு குறை அவர் மனத்தை உறுத்தியது. நெடுந்தொலைவுக்குக் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவோ பெரிது. ஆனால் ஓர் ஊழியரின் கை எத்துணை விரைவாகத் தட்டினாலும் அக்கம்பியின் பெரும்பொழுது வீணே கழிந்தது. மேலும் மோர்சு முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி, மற்றோர் எழுத்துக்கு நான்கு குறிகள் என அளவு மாறும். எழுத்து எங்கே முடிகிறது என்பதைப் பொறி அறிவது கடினம்.

மேலிடத்தின் பொருளுதவியின்றி, தம் ஓய்வு நேரத்தில் அவர் இதற்கு வழி தேடினார். ஐந்து குறிகளால் எழுத்தைக் காட்டலாம் என்பதை அவருக்கு முன்னரே பேக்கன், காசு, வெபர் ஆகியோர் அறிந்திருந்தனர். அச்சிடும் பொறியை ஹியூசும், ஒரே கம்பியைப் பலர்க்குப் பங்கிடும் வழியை மேயரும் கண்டிருந்தனர். மூன்றையும் ஒன்றாக இணைத்தவர் போதோ. 1874இல் காப்புரிமை பெற்றார்.

அவர் முறையில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான ஐந்து துடிப்புகள். ஒவ்வொன்றும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. ஆகவே 32 சேர்க்கைகள் கிடைக்கும். விசைகளும் ஐந்தே: இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. நம் பக்கத்தில் ஒரே தோட்டக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள் அல்லவா? அதுபோல, சுழலும் ஒரு பொறி கம்பியை ஊழியர் நால்வர்க்கும் அறுவர்க்கும் மாறி மாறிக் கொடுத்தது. தம் முறை வந்ததை அறிவிக்கும் ஒலிக்கு இசைய ஒவ்வொருவரும் விசையை அழுத்த வேண்டும். கிணறு ஒன்றே, பாயும் வயல்களோ பல!

1877இல் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே இக்கருவி பணி தொடங்கியது. 1878இல் பாரிசு உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. சொந்த வாழ்விலோ துயரமே மிகுதி. 1890 சனவரியில் மணந்த மனைவி அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்தார். நெடுநாள் உடல் நலிவோடு உழைத்த போதோ 1903 மார்ச்சு 28ஆம் நாள் தம் 57ஆம் வயதில் காலமானார். 1920களில், நொடிக்கு ஒரு துடிப்பு என்னும் அளவுக்கு உலகத் தந்தித் துறையினர் அவர் பெயரைச் சூட்டினர்.

இனி மயக்கத்துக்கு வருவோம். பாட் எண்ணுவது துடிப்பை, செய்தியை அன்று. பருத்தி ஏற்றிய வண்டிகள் மணிக்குப் பத்து வருகின்றன என்றால் வந்த மூட்டை எத்தனை? வண்டிக்கு ஒரு மூட்டையாயின் பத்து, நான்காயின் நாற்பது. வண்டி துடிப்பு, மூட்டை ‘பிட்’. போதோவின் துடிப்பு ஒரு பிட்டை மட்டுமே சுமந்ததால் அன்று இரண்டும் ஒன்றாயிருந்தன. 1980களில் வந்த ஒருவகைத் தொலைபேசி மோடத்தில் நொடிக்கு 600 துடிப்பு. துடிப்புக்கு 4 பிட். ஆக 2,400 பிட். அதனை 2,400 பாட் என்று பலர் அழைத்தது பிழை.

மறுபுறமும் உண்டு. டெலக்சு கருவியின் வேகம் 50 பாட். எழுத்துக்குரிய ஐந்து துடிப்புகளோடு தொடக்க, முடிவுக் குறிகளும் சேர, ஓர் எழுத்துக்கு ஏழரைத் துடிப்பின் நேரம் ஆகும். ஆகவே நிமிடத்துக்கு 400 எழுத்துகளே செல்லும். பாட் எண்ணை மட்டும் கண்டவர் இதனை உணர மாட்டார்.

அடுத்த படி, பிட்டை எட்டால் வகுத்தால் ‘பைட்’. தொலைபேசி நிலையங்களை இணைக்கும் ‘ஈ-1’ தடத்தில் 32 முறைகள். முறைக்கு 64,000 பிட். ஆக நொடிக்கு 20,48,000 பிட். எட்டால் வகுத்தால் 2,56,000 பைட். பத்து இலட்சம் பைட் கொண்ட புகைப்படம் ஒன்று செல்ல ஏறக்குறைய நான்கு நொடி. முறை வைத்துப் பங்கிடும் போதோவின் வழியே இங்கும் நிற்பதைக் காண்க!

எங்கள் தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், 40 மெகா வேகம் என்று பணம் கட்டிய இணைப்பில் திரைப்படம் இறங்கும்போது 5 என்றே காட்டுகிறது, ஏமாந்தோமோ என்று வருந்தினார். 40 என்பது மெகாபிட், 5 என்பது மெகாபைட் என்று வகுத்துக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. படியையும் மரக்காலையும் சரிபார்த்து வாங்கும் நம் மக்கள், காசு கொடுத்து வாங்கும் இந்தப் புதிய சரக்கின் அளவையும் அறிய வேண்டாமா? அறியாதார்க்கு எடுத்துச் சொல்லும் கடமை கற்கும் நமக்கு உண்டு.

நம் நாட்டில் தந்திச் சேவை 2013 சூலையோடு முடிந்தது. தந்தி போயினும், தொடக்கக் கல்வியோடு நின்ற உழவர் மகனின் எண்ணம் போகவில்லை. இருந்த கம்பியை வீணாக்காமல் முழுதும் பயன்படுத்தினார் அவர். நாமும் கிடைத்த பொழுதை வீணாக்காது உழைப்போமாக!