விடியும்வரை காத்திராத அம்மையார்

குடியாத்தம் சாலை வழியாக நாள்தோறும் பேருந்தில் நம் கல்லூரிக்கு வருபவன் நான். நண்பர்கள் பலரும் அவ்வழியே வருபவர்கள்தாம். ஆனால் அந்தச் சாலையோர மர நிழல்களில் ஒரு காலத்தில் மருத்துவமனையே நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதை நடத்திய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் இரவு. பேறுகாலத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் சித்திக்கு, நாள் நெருங்கும் முன்பே வலி கண்டுவிட்டது. அப்போது மணி ஒன்று இருக்கும். எங்கள் ஊர் பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பது. இந்த இருட்டில் எங்கே போவது, விடியட்டும் என்றார் பாட்டி. மாமாவும் அதையே சொன்னார். கைப்பேசி என் கையில்தான் இருந்தது. பெரியவர்கள் பேச்சை மீறக் கூடாது என்று வாளாவிருந்தேன். வலி பொறுக்க முடியாமற்போன பிறகு, மூன்றரை மணிக்குத்தான் 108-ஐ அழைத்தேன். வண்டி வந்தது. சந்துக்குள் நுழைய முடியாததால் சித்தியைக் கட்டிலோடு தூக்கிச் சென்றோம். சித்தி பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. சற்று முன்னரே வந்திருக்கலாமே என்று மருத்துவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து நூலகத்தில் ஐடா அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். அது ஏதோ பழங்கதையாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நடந்ததாகவே தோன்றியது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவத் தொண்டர். தந்தையாரும் மருத்துவரே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் வந்த பிள்ளைகளுக்குத் தம் சிறு கையால் ரொட்டி கொடுத்தவர் ஐடா. அந்தத் துயரக் காட்சிகளே அவரை இந்நாட்டிலிருந்து விலகச் செய்தன எனலாம். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசையாக இருந்தது. நோயுற்ற தாயாருக்கு உதவுவதற்காகத் திண்டிவனம் வந்தபோதும் விரைவில் திரும்பிவிடவே எண்ணியிருந்தார்.

ஆனால் 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு அவருடைய வாழ்வையே மாற்றிவிட்டது! அந்தணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பேறுகால வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவை வேண்டினார். தாம் மருத்துவம் படித்தவரல்லர், தம் தந்தையாரே மருத்துவர் என்றார் ஐடா. பிற ஆடவர் முன் தம் மனைவி வரும் வழக்கமில்லை என்று கூறி, வந்தவர் தலைகுனிந்து திரும்பினார். அடுத்து இஸ்லாமியர் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்துக் குடும்பத்தவரும் வந்து அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது தெருவில் சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அடுத்த வீட்டில் மருத்துவர் இருந்தும் மூன்று உயிர்கள் போயின! அன்று ஐடா செய்த முடிவு அவருடைய ஆயுள் முழுவதும் மாறவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய சமயம் அது. 1899-இல் அங்கே பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன், 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தையாரும் காலமானார். துணையிழந்த நிலையிலும் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவத்தைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனை கட்டியாயிற்று, நோயாளிகள் வரட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. சிற்றூர்களிலிருந்து வருவோர் காலங்கடந்தே வருவதைக் கண்டார். எனவே 1906-இல் மாட்டுவண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தாமே புறப்பட்டார். 1909-இல் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ கார் ஒன்று வந்தது. அந்தப் புதிய வண்டியைக் கண்டு ஊரார் முதலில் அஞ்சி ஓடினராம். பின்னர் அவர்களே அதன் வரவுக்காகச் சாலையோரம் காத்து நின்றனர். புண்களைக் கழுவுவதும் மருந்து கொடுப்பதும் மரத்தடியிலேயே நடந்தன. மேல்சிகிச்சை வேண்டியவர்களை வண்டியிலேயே வேலூருக்கு அழைத்து வந்தனர். ஊர்தோறும் ஓடும் இன்றைய மருத்துவ ஊர்திகளுக்கு அந்தக் காரை முன்னோடி என்று சொன்னால் மிகையாகுமா?

ஒருவர் இருவரால் இப்பணி முடியாது என்பதையும் அம்மையார் உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1922-இல் அப்பள்ளியின் முதல் அணியாக 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். 1942-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. 1946-இல் ஓய்வு பெற்ற அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

பேறுகால இறப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் இருவர் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டனர். உதவி தேட முடிவெடுப்பதில் தாமதம் ஒன்று. மருத்துவமனை போய்ச் சேர்வதில் தாமதம் இரண்டு. சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்று. அம்மையாரின் வாழ்வை இதனுடன் வைத்துப் பார்த்து வியந்தேன். அவருடைய வண்டி வழித் தாமதத்தைக் குறைத்தது. மருத்துவமனையும் பயிற்சி பெற்ற செவிலியரும் மூன்றாம் தாமதத்தைக் குறைத்தனர். பெண் மருத்துவர்கள் வந்ததும், வீட்டுப் பெண்ணை அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் தயக்கமும் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 முதல் 108 ஊர்திகள் ஓடுகின்றன. பயிற்சி பெற்ற பணியாளர் வண்டியிலேயே வருகிறார், கட்டணமும் இல்லை. வழித் தாமதத்தைக் குறைக்க அரசு வண்டி அனுப்புகிறது. ஆனால் வீட்டுக்குள் நிகழும் முதல் தாமதத்தை எந்த வண்டி வந்து குறைக்கும்? அது நம் கையில்தான் இருக்கிறது. அன்று அந்த மூன்று வீடுகளில் வழக்கம் தடுத்தது. எங்கள் வீட்டில் இருட்டும் என் மௌனமும் தடுத்தன.

எனவே நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும்போது சாலையைச் செப்பனிடுவதோடு நின்றுவிட வேண்டாம். நள்ளிரவில் அழைத்தால் ஊருக்கு வழி சொல்வது எப்படி, எந்த முனை வரை வண்டி வரும், அதுவரை நோயாளியைத் தூக்கி வருபவர் யார் என்பதை ஊராருடன் கூடிப் பேசி வைப்போம். முதலுதவி கற்போம். பெரியவர்களிடம் பணிவு வேண்டும்; ஆனால் ஓர் உயிர் துடிக்கும்போது பணிவோடேனும் வாய் திறந்து பேசவேண்டும்.

சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். வேலை முடிந்ததும் பாட்டி என்னை அழைத்து, கதவுக்குப் பக்கத்தில் காவிக்கட்டியால் 108 என்று பெரிதாக எழுதச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சித்தி திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.