பிரித்துப் பார்த்துப் படித்த மேதை: ஜி. டி. நாயுடு

சென்ற கோடை விடுமுறைக்குக் கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தேன். எங்கள் லைனில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், தம்முடைய பழைய அம்பாஸடர் காரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வீட்டு வாசலிலேயே ஒரு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்ற ஓசையோடு சரி, எஞ்சின் சுற்றவில்லை. பாட்டரியை மாற்றினார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றி வேறொன்றை மாட்டினார்கள். முன்விளக்கோ பளிச்சென்று எரிந்தது! பௌதிகத்தில் பட்டம் பெற்ற நானும் அருகில் நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன், பயன் ஒன்றுமில்லை.

சுரங்கத்தின் மின்சாரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் மாலையில் வந்தார். ஒருவனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். அது சுட்டது. உடனே சிரித்துவிட்டார். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் தடித்த எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டார்கள். ஸ்டார்ட்டருக்குச் சென்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் திரும்பி வர வழியின்றி, அந்த மெல்லிய கேபிள் வழியே முண்டியடித்திருக்கிறது. விளக்குகளுக்கு எர்த் காரின் உடலிலேயே இருந்ததால் அவை எரிந்தன. பட்டையை முடுக்கினார், எஞ்சின் உறுமியது. கையைத் துடைத்துக்கொண்டே, ஜி. டி. நாயுடு இருந்திருந்தால் எங்கள் அத்தனை பேரையும் உதைத்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் அந்த நாயுடு? பெயரைக் கேட்டிருந்தேனே தவிர, வரலாறு அறியேன். பிறகு தேடிப் படித்தேன். நம் மன்றத்து நண்பர்களும் அறிய வேண்டிய வாழ்க்கை அது.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்திற்கும் அவரைப் பிடிக்கவில்லை. படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது.

ஒரு நாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அப்பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! அதைக் கண்ட இளைஞர் துரைசாமிக்கு உறக்கம் போயிற்று. அந்த வண்டி தமக்கு வேண்டும் என்று முடிவு செய்தார். கையிலோ காசில்லை. கோயமுத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஆண்டுக்கணக்கில் காசு காசாகச் சேர்த்துச் சில நூறு ரூபாய் ஆனதும், அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர்வலமா போனார்? இல்லை. வீட்டிற்குக் கொண்டுவந்து, திருகு திருகாகப் பிரித்துப் போட்டார்!

இந்தச் செயலை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. அக்காலத்து ரட்ஜ் வண்டிக்கு ஒரே சிலிண்டர். ஏறத்தாழ 500 சி.சி. அதில் பாட்டரி கிடையாது. தீப்பொறியைத் தருவது மாக்னெட்டோ என்னும் சிறு யந்திரம். காந்தத்தின் முனைகளுக்கிடையே கம்பிச் சுருள் ஒன்று சுழல்கிறது. உரிய கணத்தில் ஒரு ஜோடி உலோக முனைகள் விலகுகின்றன. அப்போது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கின் இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குச் சற்று முன்னால் அந்தப் பொறி விழ வேண்டும். பிரித்ததை மீண்டும் மாட்டும்போது பல்சக்கரத்தில் ஒரு பல் தவறினால் போதும். பொறி வரும், பெட்ரோலும் வரும், வண்டி மட்டும் ஓடாது. சில வேளை காலால் உதைத்தவனையே அது திருப்பி உதைக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியும் வண்டி நிற்கிறதே, அந்த நிலைதான் மிகப் பொல்லாதது. எங்கள் லைனில் அம்பாஸடரைச் சுற்றி நின்ற எங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

நாயுடு அவர்களுக்கு வழிகாட்டத் தமிழில் ஒரு புத்தகம் இல்லை. கோவையில் பட்டறைகளும் பெருகாத காலம். பெட்ரோல் வருகிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, பொறி விழுகிறதா, விழுந்தால் எப்போது விழுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் காண்பதைத் தவிர வேறு வழியே இல்லை. பிரித்தார், மாட்டினார், ஓட்டினார். வாகனத் தொழில் அவர் கைக்கு வந்தது அப்படித்தான்.

இடையில் பருத்தி வணிகத்தில் இறங்கினார். நன்றாகச் சம்பாதித்தார்; பம்பாய் சென்று அதை இழந்தும் வந்தார். அந்தக் கதை நமக்கு இங்கு வேண்டாம். ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் ஆங்கிலத் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாயிற்று. யு.எம்.எஸ். பஸ் என்றால் கோவை வட்டாரத்தில் அறியாதவர் இல்லை.

இனி மின்சாரத்திற்கு வருவோம். இங்கே தங்கவயல்காரனான எனக்குச் சிறிது பெருமை உண்டு. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, எங்கள் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது 1902 ஜூனில். அப்போது நாயுடு ஒன்பது வயதுச் சிறுவன். நீலகிரியின் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1932-இல். முப்பது ஆண்டு பிந்தி வந்த அந்த மின்சாரத்தைக் கொங்கு நாடு பற்றிக்கொண்ட வேகம் பெரிது. அதுவரை ஆழக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த உழவர்கள், மாட்டை அவிழ்த்துவிட்டு மோட்டாரைப் பூட்டலாயினர். அதுவும் ஒரு வகை எஞ்சின் மாற்றமே அல்லவா?

ஆனால் மோட்டார்கள் கடல் கடந்தல்லவா வந்துகொண்டிருந்தன! பழுதானால் உதிரிப் பாகத்திற்கும் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டும். 1937-இல் நாயுடு அவர்கள், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரைக் கோவையிலேயே செய்து காட்டினார். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். மோட்டார் செய்வது வெறும் இரும்பு வார்ப்பு வேலையன்று. காயில் கட்டியவர்களைக் கேட்டால் தெரியும்: கம்பியின் மேற்பூச்சில் மயிரிழை அளவு கீறல் விழுந்து ஒரு சுற்று மறு சுற்றைத் தொட்டாலும், மோட்டார் சூடேறிக் கருகிவிடும். இன்று கோவை மோட்டாரும் பம்பும் செல்லாத ஊர் இந்தியாவில் அரிது.

அவர் கை சும்மா இருந்ததே இல்லை. உலர்ந்த பாட்டரியில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரஸாந்த் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு யந்திரம் எனப் பட்டியல் நீளும். ஐரோப்பா சென்றார், 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் பயிர் ஆராய்ச்சி செய்தார். இவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் உவப்பாக இல்லை. நம் ஊர் ஆளை அவருடைய பெயராலேயே அழைத்தால் என்ன குறை?

1941-இல், ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

1945-இல், அப்போதைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் எழுந்தது. அதற்கு முன்நின்று உழைத்தவர் நாயுடு; தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு எதற்கு, சாதாரண மாணவனுக்கும் இரண்டு ஆண்டு போதுமே என்று அவர் வாதிட்டார். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை உதறினார். இதில் நான் அவரோடு முழுவதும் உடன்படமாட்டேன். கணிதத்தை இரண்டு ஆண்டில் விழுங்கிவிட முடியாது. ஆனால் ஐந்து ஆண்டாகப் பௌதிகம் படிக்கும் நான், மின்காந்தச் சமன்பாடுகளைத் தாளில் எழுதியிருக்கிறேனே தவிர, ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் திறந்து பார்த்ததில்லை. அவர் கோபம் யார் மேல் என்று எனக்குப் புரிகிறது.

1952-இல் இருவர் அமரக்கூடிய சிறு பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய். உற்பத்திக்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றது. வண்டி ஓடவில்லையென்றால் கோளாறு எங்கே என்று தேடிப் பிடிக்கத் தெரிந்தவர் அவர். இந்தக் கோளாறு கம்பியிலும் இல்லை, கார்புரேட்டரிலும் இல்லை; ஒரு காகிதத்தில் இருந்தது. அதைச் சீர்செய்யும் கருவி அவர் பெட்டியில் இல்லை.

வரிகளும் கட்டுப்பாடுகளும் தொழில் செய்பவனை நசுக்குகின்றன என்று மனம் வெதும்பியவர், அந்த 1950-களில் தாம் உருவாக்கிய பொருள்களையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். உடைத்தது சரியா? என் மனம் ஒப்பவில்லை. ஒரு ரேடியோவுக்குள் எத்தனை பற்றவைப்பு, எத்தனை நாள் உழைப்பு! ஆயினும் அந்த வேதனையை அறியாதவன் அல்லன் நான். தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நான் அதன் பிறகு பிறந்தவன். இரவில் பழுதான யந்திரத்தை விடிவதற்குள் ஓட வைத்த கைகள் வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்ததைப் பார்த்தே வளர்ந்தேன். கேபிளைத் தொட்டுப் பார்த்த தாத்தாவும் அவர்களில் ஒருவர்தாம்.

1974 ஜனவரி 4-ஆம் நாள் நாயுடு அவர்கள் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் அருகே அவருடைய குடும்பத்தார் 2015-இல் பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அடுத்த விடுமுறையில் அங்கே சென்றுவர நானும் அண்ணனும் பேசிவைத்திருக்கிறோம். அம்பாஸடரிலேயே போகலாம் என்கிறார். எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது. ஹாரன் மட்டும் பிரேக் மிதித்தால் ஒலிக்கிறது. எந்தக் கம்பி எங்கே தொடுகிறதென்று தேடிக்கொண்டிருக்கிறார்.