ஏழு பிள்ளைகளில் ஒருவரை இழந்த தந்தை: உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்)



வளர்ந்து ஆளான பிள்ளையைப் புற்றுநோயில் பறிகொடுத்த பெற்றோர் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, தங்கள் ஜனாஸாவைச் சுமக்க வேண்டிய பிள்ளையின் ஜனாஸாவைத் தாங்களே சுமந்தவர்கள். அவர்களுக்காக இன்று ஒரு தந்தையின் வரலாற்றைப் பார்ப்போம்.

மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்). தந்தை ஸுபைர் (ரலி), தாய் அஸ்மா (ரலி). தாயின் தங்கை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கல்வி கற்றவர். தினமும் குர்ஆனின் கால் பகுதியைப் பார்த்து ஓதுவார்; அதையே இரவுத் தொழுகையிலும் ஓதுவார்.

கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கைச் சந்திக்க மகன் முஹம்மதுடன் டமாஸ்கஸுக்குப் பயணமானார். அந்தப் பயணத்தில் அவருடைய காலில் சதையை அரிக்கும் நோய் கண்டது. வெட்டி எடுக்காவிட்டால் மேலே பரவும் என்றார்கள் மருத்துவர்கள். தவக்குல் வைத்த அந்த மனிதர் சிகிச்சைக்கும் சம்மதித்தார். ரம்பத்தால் கால் அறுக்கப்பட்டது. அந்த ஓர் இரவுதான் அவருடைய ஓதல் தவறியது. மறுநாள் இரவே மீண்டும் தொடங்கினார்.

அதே பயணத்தில் கலீஃபாவின் லாயத்திற்குள் போன மகன் முஹம்மத், அங்கிருந்த பிராணி உதைத்து வஃபாத்தானார்.

ஏழு பிள்ளைகளில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆறு பேரை விட்டுவைத்ததற்காகவும், கைகால் நான்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவைத்ததற்காகவும் உர்வா அல்லாஹ்வைப் புகழ்ந்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

சகோதரர்களே! ஆறு பேர் இருக்கும்போது ஒருவர் போனால் என்ன என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். போன மகனையும் கணக்கில் சேர்த்துத்தான் அவர் சொன்னார். அழுவது ஸப்ருக்கு மாற்றமானதும் இல்லை. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ருகய்யா, ஸைனப், உம்மு குல்தூம் (ரலி) என வளர்ந்த மகள்கள் மூவரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார்கள்.

உர்வா மதீனா திரும்பினார். ஹிஜ்ரி 94 வாக்கில் வஃபாத்தாகும் வரை கற்பித்தார். மீதமிருந்த பிள்ளைகளில் ஒருவரான ஹிஷாம், தந்தையிடம் கேட்டு அறிவித்த ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் ஏராளம்.

மௌத்தான வீட்டில் மீதமுள்ள பிள்ளைகள் உம்மா வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துக்கத்தின் நடுவிலும் அவர்களை அணைத்துக்கொள்ளுங்கள். நாமும் மூன்று நாளோடு அந்த வீட்டை மறந்துவிடாமல், போய் உட்கார்ந்து, இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி துஆ செய்வோம்.

யா அல்லாஹ்! பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! சுவனத்தில் அவர்களை ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன்.