விளக்கேற்றிய சகோதரி சுப்பலட்சுமி



சகோதரி சுப்பலட்சுமி 1886-ல் நம்ம மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைக்கு மொட்டை, முக்காடு, அடுப்படி மூலை. இதுதான் உன் இடம் என்று சொல்லிச் சொல்லியே அவளையும் நம்ப வைத்துவிடுவார்கள்.

இவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான். 1912-ல் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுஸில் நடந்தது. மூலையில் உட்காரப் பழக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியைகள் ஆனார்கள். சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்தார்கள். சாரதா வித்யாலயா பள்ளியையும் ஆரம்பித்தார். 1969-ல் காலமானார்.

நான் இதை எழுதக் காரணம் இருக்கு. நங்கநல்லூரில் எங்க குழு விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றும்போது, கணவரை இழந்த சகோதரிகள் யாரும் சொல்லாமலே பின்னால் போய் நிற்கிறார்கள். சேமிப்பிலும் கடன் தவணையிலும் அவர்கள்தான் முதல் ஆள். சின்ன வயசிலேயே ஊட்டிய பழக்கம் அது, தானாகப் போகாது. நாமதான் கையைப் பிடித்து முன்னால் அழைக்கணும். இந்த ஆண்டு விழாவில் முதல் திரியை அவர்கள் ஏற்றட்டும்.